மெத்தைச் சுவர்

"உள்ளவனிடமிருந்து எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பதைவிடப் புனிதமான காரியம் மனித வரலாற்றில் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நெருப்பும் சக்கரமும்கூட அதற்கு அப்புறம்தான்."

இந்த மாபெரும் உண்மை ஒரு மழைக்காலக் காலையில் சமையலறை மேசையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவனின் வாயில் அப்போது அண்ணனுடைய பங்கு முட்டையில் பாதி இருந்தது. மீதிப் பாதி கரண்டியில் முறைக்காகக் காத்திருந்தது.

அண்ணன் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். தம்பிக்குத் தெரு வைத்த பெயர் பொருளாதாரம். கல்லூரியில் அதைப் படிக்கப் போனான். பாதியில் அவன் படிப்பை விட்டானா, படிப்பு அவனை விட்டதா என்பது வீட்டில் இன்னும் முடிவாகாத விஷயம். அன்று முதல் குடிமக்கள் பொருளாதாரச் சிந்தனை மன்றத்தின் தலைமைப் பேச்சாளன் அவன்தான். மன்றம் சம்பளம் தருவதில்லை, சால்வை தரும். வீட்டில் ஜன்னலுக்குத் திரை வாங்கிப் பல வருஷமாயிற்று.

பால் வாங்கப் போகும் பெரியவளை, அதாவது மெத்தைக்காரரின் மனைவியை, எதிர்வீட்டுக் கணக்கர் தினமும் நிறுத்திக் கேட்பார்.

"என்னம்மா, பொருளாதாரம் எப்படி இருக்கு?"

"இன்னும் எந்திரிக்கல" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருப்பாள்.

வீடு நீளவாக்கில் ஒடுங்கியது. தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. ஒரே வாசல், அதுவும் பட்டறை வழியாக. உள்ளே போக வேண்டுமானால் கால் உடைந்த சோபாக்களையும் உரித்துப் போட்ட உறைகளையும் தாண்டிப் போக வேண்டும். அப்புறம் இரண்டு படுக்கையறை. கடைசியில் நீளமான சமையலறை, அதன் நடுவில் மேசை. நான்கு பேரும் ஒன்றாக உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

நாலாவது ஆள் சின்னவள், தம்பியின் மனைவி. மருந்துக்கடையில் காசாளர். மாசம் பிறந்தால் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து பெரியவள் கையில் கொடுப்பாள். பெரியவள் அதையும் பட்டறை வரும்படியையும் ஒன்றாகப் போட்டு நால்வருக்கும் வேண்டியதைப் பார்ப்பாள். யார் கொண்டுவந்தது, யார் தின்றது என்று பதினோரு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தம்பி எப்போதோ மெலிந்திருப்பான்.

மெத்தைக்காரர் வேலை செய்யும்போது சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒன்றைத் தள்ளி, சுத்தியலின் காந்த முனையில் ஒட்டவைத்து, ஒரே தட்டு. அதனால் பகல் முழுக்க வாய் மூடியிருக்கும். பேசாத மனுஷர், தங்கமான மனுஷர் என்று ஊரில் பெயர். அவருக்குள் எத்தனையோ பதில்கள் ஆணியோடு ஆணியாகக் கிடந்து துருப்பிடித்தது யாருக்கும் தெரியாது.

பெரியவள் உறை தைப்பாள். தையல் மிஷின் அவள் கல்யாணத்துக்கு முன்பே பழசு. பருத்தித் துணி என்றால் ஓடும். தடித்த ரெக்சினைக் கண்டால் இரண்டு தையல் போட்டுவிட்டு மூன்றாவதைத் தாண்டிவிடும். தாண்டிய இடத்தை அவள் கை ஊசியால் குத்திக் குத்திச் சரிசெய்வாள். கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. கனமான தையலுக்கென்றே ஒரு மிஷின் கடைத்தெருவில் நின்றது. அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஏறக்குறைய பணம் சேர்ந்தும்விட்டது. புது வரிச் சட்டம் வந்தது அப்போதுதான்.

சட்டத்தைத் தம்பிதான் விளக்கினான். முட்டை முடிந்திருந்தது.

"முன்னாடி பத்து வகை வரி. இப்ப ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு இவ்வளவு வருமானம்னு ஒரு கோடு. கோட்டுக்கு மேல இருக்கறவன் கூடுதல் பங்கு கட்டணும். கீழ இருக்கறவனுக்கு அதையே சமநிலைத் தொகையா குடுப்பாங்க. நான் எத்தனை மேடையில தொண்டை வறளக் கத்தியிருக்கேன் இதுக்காக."

"நாம கோட்டுக்கு மேலயா, கீழயா?" என்று பெரியவள் கேட்டாள்.

"அங்கதான் அண்ணி விஷயமே. கோட்டுக்குக் கொஞ்சூண்டு மேல நிக்கறோம்."

"கொஞ்சூண்டு மேலன்னா கொஞ்சூண்டுதான கட்டணும்?"

"இல்ல. தாண்டிட்டா மொத்தத்துக்கும் போட்டுடுவாங்க. ஒரு அடி முன்னாடி நின்னா கையில குடுப்பாங்க. ஒரு அடி தாண்டி நின்னா கையில இருந்து பிடுங்குவாங்க."

"எவ்வளவு போகும்?"

தம்பி சொன்னான். கிட்டத்தட்ட மிஷின் விலை. பெரியவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"யாரு தம்பி உக்காந்து யோசிச்சாங்க இதை?"

"பெரிய பெரிய மூளைங்க அண்ணி."

மெத்தைக்காரர் பட்டறையிலிருந்து வந்து ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். பேசப் போகிறார் என்று அதற்கு அர்த்தம்.

"நான் துணி வெட்டறப்போ கோட்டுக்கு வெளிய ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டுவேன். தையலுக்கு இடம் வேணும்ல. இவங்க கோட்டு மேலயே கத்திரி வெக்கறாங்களே."

"சட்டத்துல ரெண்டு விரல் இடம் விட்டா அண்ணா, அதுல ஆயிரம் பேர் வந்து படுத்துடுவான்."

"படுக்கட்டுமே. மெத்தை நான் போட்டுத் தரேன்."

சின்னவள் சிரித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மேசையில் நால்வரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. தம்பி சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். அதில் ஒரு சந்தும் பார்த்து வைத்திருந்தான்.

"சட்டத்துல குடும்பம்னா என்னன்னு போட்டிருக்கு தெரியுமா? ஒரே அடுப்புல சாப்பிடறவங்க. அடுப்பு வேறன்னா குடும்பம் வேற. நீயும் அண்ணியும் மட்டும்னா கோட்டுக்குக் கீழ. நானும் இவளும் மட்டும்னாலும் கீழ. சமையலறை நடுவுல ஒரு தடுப்பு, ரெண்டு அடுப்பு. பரிசோதகர் வருவார், பாப்பார், எழுதிட்டுப் போவார். ஒரு வாரம். அப்புறம் தடுப்பைத் தூக்கிப் போட்டுடலாம்."

"ஊருக்கெல்லாம் குடு குடுன்னு கத்தற. நம்ம முறை வந்ததும் அடுப்பைப் பிரிக்கச் சொல்றியா?" என்றாள் சின்னவள்.

"நான் எதிர்க்கறது பணக்காரனை. நாம பணக்காரங்களா? தவறிப் போய் கோட்டுக்கு மேல விழுந்த ஏழைங்க."

மேலே விழுவது எப்படி என்று மெத்தைக்காரர் கேட்க நினைத்தார். ஆனால் ஆணிகள் அதற்குள் வாய்க்குத் திரும்பியிருந்தன. அவர் கண் பெரியவளின் கட்டைவிரல் மேல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

தடுப்பை அவரே செய்தார். பழைய அலமாரியின் பலகைகளை ஒட்டி, நான்கு பக்கமும் சட்டம் அடித்து நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். மொட்டைப் பலகை அவர் கண்ணை உறுத்தியது. முப்பது வருஷமாக மரத்தை மூடியே பழகிய கை சும்மா இருக்குமா. பஞ்சு வைத்தார். பச்சை ரெக்சினை இழுத்துப் பிடித்து, மூலைகளை மடித்து, வைர வைரமாகப் பொத்தான் குத்தினார். இரண்டு நாள் வேலை. முடிந்தபோது பெரிய வீட்டு சோபா ஒன்றை எழுப்பி நிற்கவைத்தது போல இருந்தது. மேசையை இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, தடுப்பை நடுவில் நிறுத்தினார்கள். ஓரத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டிருந்தார்.

"ராஜா வீட்டுச் சுவர் மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள்.

இருந்தது, அவள் பக்கத்திலிருந்து பார்த்தால். மெத்தை கட்டுகிறவர்கள் சோபாவின் முதுகுக்குத் துணி போட மாட்டார்கள். அது சுவரைப் பார்த்து நிற்கப் போவது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். தொழிலில் அது வழக்கம், அதில் குற்றமில்லை. அந்தப் பக்கம் சணல் பட்டைகளும் கம்பி ஆணிகளும் வழிந்த பசையும் பென்சிலில் போட்ட அளவுகளும் அப்படியே தெரியும். இங்கே சோபாவே சுவர் என்பதும், அதன் முதுகைப் பார்த்தபடி ஒருத்தி தினமும் வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கும் என்பதும் அவருக்கு உறைக்கவில்லை. முதுகைத் தம்பி பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் போனது. பரிசோதகர் வரவில்லை. மழைதான் வந்தது. பசை காயவில்லை, பஞ்சு ஈரம் குடித்து நாறியது. கழற்றிய சோபாக்கள் எலும்பும் தோலுமாகப் பட்டறையில் வரிசை கட்டி நின்றன.

முதலில் பெரியவளே எல்லோருக்கும் சமைத்தாள். பாதியைச் சின்னவள் சந்து வழியாக எடுத்துப் போனாள். அதைக் கேள்விப்பட்ட எதிர்வீட்டுக் கணக்கர் பதறிப்போய்க் குடையோடு வந்தார். அவர் யார் வீட்டு வரி விஷயத்திலும் பதறக் கூடியவர். சொந்த வரியை மட்டும் நிதானமாகக் கட்டுவார்.

"என்ன காரியம் பண்றீங்க? பரிசோதகருங்க அடுப்பைத் தொட்டுப் பாக்கறாங்க. சூடு இருக்கான்னு. பாத்திரத்தை மோந்து பாக்கறாங்க. ரெண்டு பக்கமும் ஒரே வாசனை வந்தா முடிஞ்சது கதை."

"வாசனைக்கும் வரியா?" என்றாள் பெரியவள்.

"இப்போதைக்கு இல்ல" என்றார் கணக்கர் கவலையோடு. "இன்னொண்ணு. சின்னவங்க சம்பளக் கவரு இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தா அது உங்க வருமானம்."

அன்றிலிருந்து இரண்டு அடுப்பும் எரிந்தன. சின்னவள் முதலில் சூட்டுக்காக ஒரு பானை வெந்நீர் வைத்தாள். வெந்நீரை வீணாக்குவானேன் என்று முட்டை போட்டாள். அப்புறம் மீன் வறுத்தாள். மருந்துக்கடையிலிருந்து வந்த களைப்போடு, தனக்குப் பிடித்ததைத் தானே சமைத்து, சூட்டோடு தின்பதில் ஒரு ருசி இருப்பதை அவள் கண்டுகொண்டாள். மீன் வாசனை பஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரியவள் பக்கம் ரெக்சினில் தலை சாய்த்தால் மீனில் சாய்ந்தது போல இருக்கும்.

தம்பிதான் யாருக்கும் குறை வைக்கவில்லை. அண்ணி பக்கம் ஒரு தரம் சாப்பிட்டுவிட்டு, மனைவி பக்கம் ஒரு தரம் சாப்பிட்டான். அந்த வீட்டில் வருமானப் பங்கீடு ஒழுங்காக நடந்த ஒரே இடம் அவன் வயிறு.

ஒரு நாள் அண்ணி பக்கம் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அந்தப் பக்கம் உப்பு கம்மியா போட்டிருந்தா அண்ணி. நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு எப்பவுமே இங்க உப்பு ஜாஸ்தின்னு ஒரு இது."

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று மதியம் மிஷினில் உட்கார்ந்தவள் தாண்டிய தையலைப் பிரிக்கவும் இல்லை, குத்தவும் இல்லை.

"பதினோரு வருஷம்" என்றாள் கணவரிடம். "பதினோரு வருஷமா உப்பு ஜாஸ்தியாம். வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

மெத்தைக்காரர் ஒரு ஆணியை எடுத்து அடித்தார்.

"வாயில ஆணியை வெச்சுக்கிட்டு நீங்களும் அவளும் ஒண்ணு."

அவர் இன்னொரு ஆணியை அடித்தார். அது வளைந்தது.

சம்பளக் கவர் விஷயமும் அப்படித்தான் போனது. முதல் மாசம் சின்னவள் வந்து, "தனியா எடுத்து வெச்சிருக்கேன்க்கா, பரிசோதகர் வந்துட்டுப் போகட்டும்" என்றாள். இரண்டாம் மாசம், "வெச்சிருக்கேன்க்கா" என்றாள். மூன்றாம் மாசம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் பக்கம் ஒரு சின்ன குக்கர் வந்தது. இரண்டு பேருக்கு மட்டும் ஆகிற குக்கர். பெரியவள் சந்து வழியாக அதை ஒரு தரம் பார்த்தாள். மூன்றாவது ஆளுக்கு அதில் ஒரு பிடி சோறு வைக்க இடம் கிடையாது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

மெத்தைக்காரர் வரி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தார். மழையில் அரை நாள் வேலை கெட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பரிசோதகர் வருவார், வீட்டிலேயே இருங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "முன்கூட்டிச் சொன்னா அது பரிசோதனையா?" என்றார். வீட்டுக்கு வந்து, வாடிக்கைக்காரரின் நாற்காலி ஒன்றைக் காரணமில்லாமல் உரித்தார்.

சண்டை என்று ஒன்று வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். மழை விட்டிருந்தது. அவர் சந்து வழியாகத் தலையை நீட்டி, "என்னம்மா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து டீ குடிங்களேன். எந்தப் பரிசோதகர் ஞாயித்துக்கிழமை வரப் போறார்" என்றார்.

சின்னவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இருக்கட்டும் மாமா. எங்க பக்கத்துல எங்களுக்கு டீ இருக்கு."

"என்னம்மா அது, எங்க பக்கம் உங்க பக்கம்னு. சும்மா ஒரு பேச்சுக்குப் போட்ட தடுப்பு."

"பேச்சுக்குப் போட்டதுக்கு அந்தப் பக்கம் மட்டும் எதுக்கு மாமா பட்டு மாதிரி ரெக்சின்? பொத்தான் வேற. எங்க பக்கம் பாருங்க." அவள் துணியாலேயே சுட்டிக் காட்டினாள். "சாக்கு. ஆணி. பசை. புடவை மாட்டி ரெண்டு தரம் கிழிஞ்சது. நான் வாயைத் திறக்கல."

மெத்தைக்காரர் அன்றுதான் அந்தப் பக்கத்திலிருந்து தன் வேலையைப் பார்த்தார். தான் பென்சிலில் எழுதிய அளவுகள் அவள் உப்பு டப்பாவுக்கு மேலே நின்றன.

"அது தொழில் வழக்கம்மா. முதுகுக்கு யாரும் துணி போடறதில்ல."

"அதான் மாமா நானும் சொல்றேன். எங்க பக்கம் முதுகு."

பெரியவள் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "துணி இல்லன்னா அதையும் பதினோரு வருஷம் கழிச்சுத்தான் சொல்லுவாளாக்கும்."

"உப்பைப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னது?" என்றாள் சின்னவள்.

தம்பி அப்போது இரண்டு பக்கத்துக்கும் நடுவே சந்தில் நின்றுகொண்டிருந்தான். நாட்டின் நடுத்தர வர்க்கம் எப்போதும் இப்படித்தான் நசுங்குகிறது என்று ஆரம்பித்தான். இரண்டு பக்கமிருந்தும் "நீ சும்மா இரு" என்று ஒரே குரலில் வந்தது. பல வாரங்களில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நாளைக்கே துணி போட்டுத் தருகிறேன் என்று மெத்தைக்காரர் சொல்லியிருக்கலாம். பரிசோதகர் வந்ததும் பிடுங்கப் போகிற பலகைக்கு எதற்கு இன்னொரு துணி என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தார். சின்னவள் தலையை ஆட்டினாள். மறுபடி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதே மாசம் சிந்தனை மன்றத்திலிருந்து வேலை வந்தது. அரங்கத்து நாற்காலிகளுக்குப் புது மெத்தை போட வேண்டும், ஏதோ முக்கியமான கூட்டமாம். தம்பியின் மன்றம் என்பதற்காக மெத்தைக்காரர் இரண்டு மடங்கு பஞ்சு வைத்தார். கூட்டத்தன்று நாற்காலிகளைக் கொண்டுபோய் இறக்கியபோது மழை கொட்டியது. வண்டி திரும்பிப் போக முடியவில்லை. முன்வரிசையில், தான் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்தார்.

வேலை நன்றாக வந்திருந்தது. உட்கார்ந்ததும் இடுப்பு கேட்காமலே சரிந்துகொண்டது. தலைவர் எழுந்து வரவேற்றது நினைவிருக்கிறது. தம்பி மேடை ஏறியது நினைவிருக்கிறது. "நண்பர்களே" என்றது நினைவிருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த நல்ல தூக்கம், கனவுகூட இல்லை.

ஏதோ சலசலப்பில் விழித்தார். முதுகு பிடித்திருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நன்றாக நீட்டிச் சோம்பல் முறித்தார். மேடையிலிருந்து தலைவர் அவரைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையசைத்தார். மெத்தையைப் பாராட்டுகிறார் போல என்று நினைத்து இவரும் தலையசைத்தார். கைதட்டல் கேட்டது. இவரும் தட்டினார். மழை விட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பரிசோதகர் வந்தது அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகு, ஒரு பிசுபிசுத்த மதியத்தில். ஒல்லியான ஆள். குடையை மடித்துப் பட்டறையின் மூலையில் சாய்த்தார். உடைந்த சோபாக்களைச் சுற்றி வழி தேடினார். அவருக்கு ஜலதோஷம். எதையும் மோந்து பார்க்கும் நிலையில் இல்லை.

பெரியவள் ஓடிப்போய்த் தன் அடுப்பை மூட்டினாள். அந்தப் பக்கம் சின்னவள் தன் அடுப்பை மூட்டினாள். அன்று அவளுக்கு விடுமுறை. தம்பியும் வீட்டில்தான், அவனுக்கு எப்போதும்போல.

"வாங்க சார், சமையலறை இந்தப் பக்கம்" என்றார் மெத்தைக்காரர். "ரெண்டு அடுப்பு. நாங்க தனி, தம்பி தனி. தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும்."

பரிசோதகர் உள்ளே வந்து, மூச்சு வாங்க, பச்சைச் சுவரில் சாய்ந்தார். அப்படியே இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"மெத்துன்னு இருக்கே. நீங்களே செஞ்சதா?"

"ஆமா சார். அடுப்பைப் பாருங்க."

"அடுப்பெல்லாம் எதுக்குங்க?" பரிசோதகர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். "வீட்டுக்கு வாசல் ஒண்ணுதானே? வரும்போதே பாத்துட்டேன். ஒரு வாசல்னா ஒரு குடும்பம். நாலு பேரு, மொத்த வருமானம், கோட்டுக்கு மேல. கூடுதல் பங்கு கட்டணும்."

குழந்தைக்குச் சொல்வது போல மெத்தைக்காரர் மெதுவாகப் பேசினார். "சார். ஒரே அடுப்புல சாப்பிடறவங்கதான குடும்பம்."

"அது பழைய விதி. மாத்தியாச்சு. ஊர் முழுக்கப் பொய் அடுப்பு வெச்சு ஏமாத்தறாங்கன்னு புகார். மாத்தலாமான்னு பொதுமக்கள் மன்றங்களையெல்லாம் கேட்டாங்க. எல்லா ஊர்லயும் மாத்தச் சொல்லித் தீர்மானம் போட்டுட்டாங்க. உங்க ஊர்லதான் ரொம்ப உற்சாகமாப் போட்டதா கேள்வி." அவர் சுவரை ஒரு தரம் தடவினார். "இனி வாசல்தான் கணக்கு. வாசலைப் பொய்யா வெக்க முடியாது பாருங்க."

"இப்ப இன்னொரு வாசல் வெச்சா?" என்றாள் பெரியவள்.

"வெக்கலாம்மா. போன மாசத்துக்குள்ள வெச்சிருக்கணும்."

குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். போகும்போது, இதே மாதிரி ஒரு தலைமாட்டுப் பலகை கட்டிலுக்குச் செய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். மெத்தைக்காரர் பதில் சொன்னாரா என்று அவருக்கே நினைவில்லை.

இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. இரண்டிலும் பாத்திரம் இல்லை. பெரியவள் தன்னுடையதை அணைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். பழைய மிஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள். பிறகு அதை எடுத்துவிட்டு, தாண்டிய தையலைக் கை ஊசியால் குத்த ஆரம்பித்தாள். கடைத்தெரு மிஷினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் மெத்தைக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். சட்டத்தின் முதல் ஆணியில் கம்பியை மாட்டினார். சின்னவள் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"எடுத்துடலாம்மா. இனிமே எதுக்கு? மேசையை நடுவுல இழுத்துப் போட்டா பழையபடி ஆயிடும்."

சின்னவள் திரும்பினாள். தன் அடுப்பைப் பார்த்தாள், சின்ன குக்கரைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். "எடுக்க வேணாம். எங்க பக்கத்துக்குத் துணி மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. வரில எங்க பாதியை மாசா மாசம் அக்காகிட்ட குடுத்துடறேன்."

அக்காவின் ஊசி முன்னறையில் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி குத்த ஆரம்பித்தது.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். பட்டறையில் பச்சை ரெக்சின் மீதியில்லை. பழுப்புத் துணி ஒரு வாடிக்கைக்காரர் வேண்டாம் என்று திருப்பியது இருந்தது. அளந்தார், கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் விட்டு வெட்டினார். அந்தப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்து, கீழிருந்து அடிக்க ஆரம்பித்தார். தம்பி துணியின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வேலைக்குக் கை கொடுத்தது அந்த வருஷத்தில் அது முதல் தரம். கூரையைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தான்.

பாதி ஆனதும் மெத்தைக்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"தீர்மானம் போட்டது உன் மன்றமா?"

"மன்றம்னா... எல்லாரும் சேர்ந்துதான் அண்ணா."

"பேசினது யாரு?"

"தலைவர் தலைப்பு குடுத்துட்டார். 'பொய் அடுப்புகள்'னு. நல்ல தலைப்பு அண்ணா. விட மனசு வரல."

"நம்ம வீட்டு அடுப்பு ஞாபகம் வரலையா உனக்கு?"

"வராம என்ன. அதைத்தான் உதாரணமா சொன்னேன். ஒரு வீட்டுல சுவருக்கு ரெக்சின் போட்டுப் பொத்தான் வேற குத்தியிருக்காங்கன்னு. பேரு சொல்லல. செம கைதட்டல்."

சின்னவள் அடுப்பை அணைத்தாள். துணியின் மேல் நுனி சற்றே தொய்ந்தது.

"ஒழுங்கா பிடி" என்றார் மெத்தைக்காரர். சொல்வதற்கு வேறு எத்தனையோ இருந்தது. எதில் ஆரம்பிப்பது என்று தெரியாததால் அதைச் சொன்னார்.

தம்பி துணியை இழுத்துப் பிடித்தான். பிறகு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்ற குரலில், "எதிர்க்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்கன்னு தலைவர் கேட்டார் அண்ணா. யாரும் சொல்லல. ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னார். நீயும் முன்வரிசையில உக்காந்து ரெண்டு கையையும் தூக்கினியே" என்றான்.

மெத்தைக்காரர் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஆதரித்த கைகள், கூட்டத்துக்கு வந்திருந்தவர்களைவிட ஒன்று அதிகம்.